சங்கீதத்தில் சிவப்புச் சாயம்

வருஷக் கடைசியில் கிடைக்கிற வசன காலண்டர்களை மட்டும் வைத்துப் பார்த்தால், பைபிளின் சங்கீதப் புத்தகம் ரொம்பச் சாதுவானது என்று தோன்றும். மேய்ப்பன், புல்வெளி, நிழல், கோட்டை, பயப்படாதே என்கிற ஆறுதல். திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகங்களில், பிரிண்டிங் பட்டறைகளில், மெஸ்களில் எல்லாம் அந்தத் தாள்கள் தொங்கும். 58ஆம் சங்கீதத்தின் முடிவை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை. அங்கே நீதிமான், துன்மார்க்கனின் இரத்தத்தில் தன் கால்களைக் கழுவுகிறான், சந்தோஷமாக. 68ஆம் சங்கீதத்தில் அந்தக் கால்கள் மறுபடி இரத்தத்தில் நனைகின்றன, நாய்களின் நாக்குக்கும் பங்கு கிடைக்கிறது. 110ஆம் சங்கீதத்தில் பிணங்கள் குவிகின்றன, தலைகள் நொறுங்குகின்றன. 137ஆம் சங்கீதம் பாபிலோன் நதிக்கரையில் அழுகையோடு ஆரம்பித்து, எதிரியின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லில் அடிக்கிறவன் பாக்கியவான் என்று முடிகிறது.

கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்பதும் மற்றவர்கள் சங்கீதம் என்பதும் ஒரே 150 பாட்டுகள்தான். இதையெல்லாம் இலக்கியமாக மட்டும் வாசிப்பவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. பழைய காலம், பழைய போர், பழைய மொழி என்று நகர்ந்துவிடலாம். எங்கள் வீட்டில் அப்படி நகர முடியாது. அங்கே இந்தப் பாட்டுகள் தினமும் வாய்விட்டு வாசிக்கப்பட்டன. எங்கள் ஆச்சி சங்கீதங்களை ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை வரிசையாக வாசிப்பாள், முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. எதையும் தாண்ட மாட்டாள். வேலை தேடி நெல்லைப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. ஆச்சி கொண்டுவந்த சாமான்களில் கடைசிவரை மாறாமல் இருந்தது அந்தப் பைபிளும் அவள் பேச்சும்தான்.

1

ஏசாயா 63ஆம் அதிகாரத்தின் தொடக்கம் ஒரு சின்ன நாடகம். காவல்காரன் ஒருவன் தூரத்தில் யாரோ வருவதைப் பார்த்து, யார் அது என்று கேட்கிறான். வருகிறவர் ஏதோம் தேசத்திலிருந்து, அதன் போஸ்றா பட்டணத்திலிருந்து வருகிறார். உடை சிவந்திருக்கிறது. ஏன் சிவப்பு, திராட்சை ஆலையில் மிதித்தவன் உடை மாதிரி இருக்கிறதே என்று அடுத்த கேள்வி. ஆமாம், தனியாக மிதித்தேன், ஆனால் மிதித்தது திராட்சையை அல்ல, ஜனங்களை என்று பதில் வருகிறது. பேசுகிறவர் கடவுள்.

எபிரேயத்தில் இது சொல் விளையாட்டும்கூட. ஏதோம் என்ற பெயரில் சிவப்பு என்ற சொல்லின் ஒலி இருக்கிறது. போஸ்றாவில் திராட்சை அறுப்பின் ஒலி இருக்கிறது. ஊர்ப்பெயர்களிலிருந்தே படிமம் பிறக்கிறது. நமக்குப் பழக்கமான பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த உடையைச் சாயம் தோய்த்த உடை என்று காட்டுகிறது. சாயம் என்ற சொல்லை திருப்பூர்க்காரன் ஒருவன் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது.

எங்கள் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாயத்தைத் தண்ணீரில் கரைத்தால் அது தானாகத் துணிக்குள் போகாது. உப்பு போட வேண்டும். உப்புதான் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுகிறது. பிறகு சோடா ஆஷ் போட்டால் சாயம் இழையோடு பிணையும். பிணையாத சாயம் அடுத்தடுத்த அலசலில் போய்விடும். இளம் மஞ்சளுக்கு உப்பு கொஞ்சம் போதும். அடர்சிவப்பு, கறுப்பு, நேவி ப்ளூ என்றால் லிட்டருக்குப் பத்துப் பத்துக் கிராமாக ஏற்ற வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. போட்டது முழுக்கத் தண்ணீரோடு வெளியே போகும்.

விஞ்ச் ஓடிய காலத்தில் தரையெல்லாம் சாயத் தண்ணீர். அப்பா வீட்டுக்கு வந்ததும் கால் நகங்களைப் பார்த்தே அந்த வாரம் என்ன ஷேட் ஓடியது என்று சொல்லிவிடலாம். சிவப்பு ஓடிய வாரங்களில் குதிகால் வெடிப்புக்குள் கோடு கோடாக நிற்கும். அம்மா படிகாரம், எலுமிச்சை என்று என்னென்னவோ போட்டுத் தேய்ப்பாள். போகாது.

2000இல், எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, மெஷின் மூடியைத் திறக்கையில் சூடான சாயத் தண்ணீர் அப்பாவின் இடுப்புக்குக் கீழே கொட்டியது. முதல் வாரம் பட்டறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் வந்தது. இரண்டாவது வாரம், அவர் எங்கள் ஆளே இல்லை, காண்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள் என்று சொல்லிவிட்டார்கள். காண்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. ரிஜிஸ்டரில் பெயர் இல்லை. ஈ.எஸ்.ஐ. கிடையாது. அம்மா இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஆச்சி தன் வரிசையை மாற்றியது அப்போதுதான். அன்றன்றைய சங்கீதத்தை வாசித்து முடித்ததும் தினமும் 58ஐச் சேர்த்து வாசித்தாள். நான்கு மாதம். அந்தப் பாட்டு நீதி சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டுத்தான் ஆரம்பிக்கிறது, நீங்கள் நியாயம் பேசுகிறீர்களா என்று. பிறகு அவர்கள் பல்லை உடைக்கச் சொல்கிறது. ஓடுகிற தண்ணீர் மாதிரி அவர்கள் இல்லாமல் போகட்டும், நத்தை மாதிரி கரையட்டும் என்கிறது. பிறகு அந்தக் கால் கழுவல். வாசித்து முடித்து ஆச்சி அப்பாவின் கட்டுப்போட்ட கால்களைப் பார்ப்பாள்.

வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஊழியர் ஒருவர், வேறு ஆறுதலான பகுதிகளை வாசியுங்களேன் அம்மா என்றார். ஆச்சி, "இதுவும் அவர் எழுதி வச்சதுதானய்யா. நான் ஒண்ணும் கூட்டிச் சேக்கலியே" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலை ஒட்டி நான் பல வருஷமாக வாசித்ததன் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

2

முதலில் அந்தப் படிமங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம். எபிரேயக் கவிஞர்கள் இரத்தத்தைத் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. 1928இல் சிரியக் கடற்கரையில், ராஸ் ஷம்ரா அருகே, உழுதுகொண்டிருந்த ஒருவர் தற்செயலாக ஒரு பழைய கல்லறையைக் கண்டார். அடுத்த வருஷம் தொடங்கிய அகழாய்வில் உகரித் என்ற நகரமும் அதன் களிமண் பலகைகளும் வெளிவந்தன. அவற்றில் அனாத் என்ற பெண் தெய்வம் போர்க்களத்தில் முழங்கால் வரை இரத்தத்தில் நடக்கிறாள். வெட்டிய தலைகளை முதுகில் கட்டிக்கொள்கிறாள், கைகளை இடுப்பில் கோத்துக்கொள்கிறாள், சிரிக்கிறாள். அந்தப் பலகைகள் சங்கீதங்களைவிடப் பழையவை. நம் ஊரில் காளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அனாத் அந்நியமாக இருக்க மாட்டாள்.

அரசர்களின் கல்வெட்டுகளும் அதே மொழிதான். பைபிளுக்கு வெளியே இஸ்ரவேல் என்ற பெயர் முதலில் கிடைக்கும் இடம் எகிப்து அரசன் மெர்னெப்தாவின் வெற்றிக் கல். ஏறத்தாழ கி.மு. 1208ஐச் சேர்ந்தது, 1896இல் கிடைத்தது. அதில் இஸ்ரவேல் அழிந்துபோனதாக, அதன் வித்தே இல்லாமல் போனதாகச் சொல்லப்படுகிறது. ஒரு ஜனம் வரலாற்றுக்குள் நுழைவதே இன்னொருவனுடைய வெற்றிப் பாட்டில் செத்தவர்களாகத்தான்! கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டில் மோவாப் அரசன் மேசா நிறுத்திய கல் 1868இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது லூவரில் இருக்கிறது. இஸ்ரவேலின் நேபோ பட்டணத்தைப் பிடித்து ஏழாயிரம் பேரைத் தன் தெய்வத்துக்காகக் கொன்றதாக அவன் அதில் பெருமைப்படுகிறான். கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் யூதாவின் லாகீசைப் பிடித்தான். அதைத் தன் அரண்மனைச் சுவர் முழுக்கச் செதுக்கி வைத்தான். கழுவில் ஏற்றப்பட்டவர்கள், உயிரோடு தோலுரிக்கப்படுகிறவர்கள், மூட்டையோடு போகும் பெண்கள், குழந்தைகள். அந்தச் சிற்பங்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. எல்லாரும் செய்தார்கள் என்பது யாருக்கும் விடுதலை தராது. ஆனால் சங்கீதக்காரன் எந்தத் தெருவில் நின்று பாடினான் என்று தெரிகிறது. இரண்டு பேரரசுகளுக்கு நடுவில் அடிக்கடி மிதிபட்ட ஒரு சின்ன நாடு. அதன் பாட்டில் வரும் வெற்றிகளில் பல, பாடும்போது கையில் இல்லாதவை. 58இல் யாரும் ஜெயித்துவிடவில்லை. 137இல் பாடுகிறவர்கள் கைதிகள். அதுவும் எப்படிப்பட்ட கைதிகள்? பிடித்துப் போனவர்களே, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்களேன், கேட்டு மகிழ்வோம் என்று கேட்கிறார்கள். வென்றவனின் பொழுதுபோக்குக்குப் பாட மறுத்தவர்கள் பாடிய பாட்டு அது. அதன் கடைசி வரி அந்த மறுப்பின் அடியிலிருந்து வருகிறது. குழந்தைகளுக்கு என்ன நடக்கும் என்பதை அவர்கள் கற்பனையில் தெரிந்துகொள்ளவில்லை, தங்கள் ஊர் விழுந்தபோது பார்த்திருப்பார்கள்.

3

தமிழில் வாசிக்கிறவனுக்கு இது எதுவும் புதிதாக இருக்கக் கூடாது. மாங்குடி கிழார் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனைப் பாடிய புறநானூற்று 26ஆம் பாட்டில் களவேள்வி வருகிறது. எதிரிகளின் முடித்தலை அடுப்பு, இரத்தம் உலை, வளையணிந்த கை துடுப்பு. பள்ளிக்கூடத்தில் நமக்கு இதை வீரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாமும் வீரச்சுவை என்று எழுதி மார்க் வாங்கினோம்.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி இந்தச் சமையலை ஒரு முழு விருந்தாக ஆக்குகிறது. முதல் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்ற கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போர். போருக்கு முன்பே பேய்கள் பசியால் வாடி காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்தில் கூழ் காய்ச்சுகின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் தன்மைக்கேற்ப ஊற்றுகிறார்கள். வாசிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்த பிறகு என்ன சாப்பிடுகிறார்கள் என்பது நினைவுக்கு வரும். அந்த இரண்டு நொடிக்கு இடையில்தான் பரணி வேலை செய்கிறது.

அதில் ஓர் இடம் எனக்கு ஏசாயா 63ஐ உடனே நினைவூட்டும். தோற்ற கலிங்க வீரர்கள் தப்பிக்க வேஷம் போடுகிறார்கள். ஒருவன் வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு கங்கைக்குப் போகிறவன் என்கிறான். இன்னும் சிலர், இரத்தத்தில் நனைந்த கொடியை எடுத்து உடுத்திப் போர்த்தி, தலையை மழித்துக்கொண்டு, உடையைப் பார்த்தாலே தெரியவில்லையா, நாங்கள் பௌத்தத் துறவிகள் என்கிறார்கள். இரத்தம் காவியாகிவிடுகிறது. ஏசாயாவில் சிவந்த துணி வென்றவர் மேல். செயங்கொண்டாரில் அது தோற்றவன் மேல், உயிர் பிழைக்க. கவிஞன் அவர்களைக் கேலி செய்யத்தான் அந்தப் பாட்டை எழுதினான். ஆனால் கேலிக்குள் அந்த மனிதர்களின் பயம் அப்படியே இருக்கிறது, தொள்ளாயிரம் வருஷமாக.

பரணிக்கு இன்னொரு மரபும் உண்டு. அந்த நூல் தோற்றவர் பெயரால்தான் வழங்கும். வென்றது சோழன், நூல் கலிங்கத்தின் பெயரில். ஒட்டக்கூத்தரின் தக்கயாகப்பரணியிலும் அப்படித்தான், தோற்றவன் தக்கன்.

பரணியை வீட்டில் யாரும் ஜெபமாக வாசிப்பதில்லை, அதனால் அது நம்மைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் எழுதியதும் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த, மேலைச் சாளுக்கியரின் ஹொட்டூர் கல்வெட்டு, சோழப் படை தங்கள் நாட்டுக்குள் புகுந்து கொள்ளையடித்ததையும், பெண்கள், குழந்தைகள், பிராமணர்கள் என்று பாராமல் கொன்றதையும் சொல்கிறது. தோற்றவர்கள் மிகைப்படுத்தியிருக்கலாம். வென்றவர்களின் மெய்க்கீர்த்தியும் மிகைதான். நாம் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தோம்.

4

ஆக, யார் பாடுகிறார்கள், கையில் என்ன வைத்துக்கொண்டு பாடுகிறார்கள் என்பது முக்கியம். பைபிளிலேயே நிஜமான வெற்றிக்குப் பிறகு பாடிய பாட்டுகள் இருக்கின்றன. யாத்திராகமம் 15இல் கடல் குதிரையையும் வீரனையும் மூடிய பிறகு மோசே பாடுகிறார், மிரியாம் தம்புரு எடுக்கிறாள். அடிமைகள் தப்பித்த சந்தோஷம் அது, அதை யாரும் குறை சொல்ல முடியாது. இருந்தும் யூத மரபுக்கு அங்கே ஒரு உறுத்தல் இருந்திருக்கிறது. தால்மூதில் ஒரு கதை. அந்த இரவில் வானதூதர்களும் பாடத் தயாரானார்களாம். கடவுள் தடுத்தாராம், என் கையால் படைத்தவர்கள் கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் பாடுவதா என்று. தப்பித்தவர்கள் பாடலாம், வேடிக்கை பார்த்தவர்கள் பாடக் கூடாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நியாயாதிபதிகள் 5, தெபோராளின் பாட்டு, இன்னும் கூர்மையானது. எபிரேயக் கவிதையின் மிகப் பழைய துண்டுகளில் ஒன்றாக அறிஞர்கள் இதைக் கருதுகிறார்கள். கூடாரத்தில் தூங்கிய எதிரித் தளபதி சிசெராவை யாகேல் ஆணி அடித்துக் கொல்கிறாள். அவன் விழுவதை மறுபடி மறுபடி காட்டிவிட்டு, பாட்டு திடீரென்று வேறொரு வீட்டுக்குப் போகிறது. சிசெராவின் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். ரதம் ஏன் இன்னும் வரவில்லை? பக்கத்திலிருக்கும் பெண்கள் சமாதானம் சொல்கிறார்கள், கொள்ளையைப் பங்குபோட நேரமாகும், ஆளுக்கு ஒன்றிரண்டு பெண்கள், சாயம் தோய்த்த துணிகள், பூவேலை செய்த துணிகள் என்று.

மறுபடி சாயத் துணி. இங்கே அது இரத்தமில்லை, நிஜமான சாயம். அந்தக் காலத்தில் சாயம் தோய்த்த துணி என்றால் பணம். கவிஞர் அந்த அம்மாவைக் கேலிதான் செய்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் மற்றப் பெண்கள் கொள்ளைபோவதைச் சாதாரணமாகச் சொல்கிறார்கள், அதனால் இரக்கத்துக்கு இடமில்லை என்றும் வாசிக்கலாம். ஆனால் ஜன்னலைத் திறந்துவிட்ட பிறகு வாசகன் உள்ளே பார்க்கத்தான் செய்வான். யூதப் புத்தாண்டில் கொம்பு ஊதுகிறார்கள். அதில் விட்டுவிட்டு வரும் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று தால்மூத் விவாதிக்கும்போது, சிசெராவின் அம்மா அழுததைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அளவெடுக்கிறது. எதிரியின் தாய் அழுத அழுகை வருஷா வருஷம் ஆலயத்தில் ஒலிக்கிறது.

நம்மிடமும் இது உண்டு. புறநானூற்றில் களவேள்விப் பாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, 46ஆம் பாட்டில், மலையமானின் சின்னக் குழந்தைகளை யானைக் காலில் இடப்போகும் கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுக்கிறார். குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்து வேடிக்கை பார்க்கிறார்கள் என்று காட்டுகிறார். அரசனைப் பாடிச் சோறு தின்கிற புலவர், அரசனின் எதிரியின் பிள்ளைகளுக்காக நிற்கிறார். 112ஆம் பாட்டில் பாரியின் பெண்கள் அப்பாவையும் மலையையும் இழந்த நிலவைப் பார்க்கிறார்கள். தொகுத்தவர்கள் இந்த எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் வைத்தார்கள். சங்கீதங்களைத் தொகுத்தவர்களும் அப்படித்தான்.

எங்கள் நொய்யலே இந்தப் பாட்டுகளுக்குள் இருக்கிறது. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம், ஆற்றங்கரையில் கொடுமணல். மணிகளும் இரும்பு உலைகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் அகழாய்வில் கிடைத்த ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று இரண்டு இடத்தில் வருகிறது. அதில் ஒன்று, தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில் கிழார் பாடிய பத்தில். வெற்றிப் பாட்டின் நடுவில் ஒரு தொழில் ஊர்.

2009 மே மாதம் நான் கல்லூரியில் இருந்தேன். ஹாஸ்டல் டிவியில் கொழும்புத் தெருக்களைக் காட்டினார்கள். பட்டாசு, கொடி, பாற்சோறு பரிமாறும் கைகள். எங்களில் யாரும் பேசவில்லை. முப்பது வருஷப் போர் முடிந்த நிம்மதியும் அந்தத் தெருவில் சிலருக்கு இருந்திருக்கும். ஆனால் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களின் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அந்தச் சோறு வேறு மாதிரி தெரிந்தது. பேய்கள் கூழ் காய்ச்சுவதைக் கலிங்கத்துக்காரன் ஒருவன் எப்படி வாசிப்பான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தமிழன் வெற்றிப் பாட்டின் இரண்டு பக்கத்திலும் நின்றிருக்கிறான்.

5

இந்தச் சங்கீதங்களைச் சபைகள் பல விதமாகச் சமாளித்திருக்கின்றன. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், 137இன் குழந்தைகள் என்பது மனசில் அப்போதுதான் முளைக்கும் கெட்ட எண்ணங்கள், வளர்வதற்குள் அவற்றை அடித்துவிட வேண்டும் என்று விளக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை 1971இல் புதுப்பித்த திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்றையும் முழுசாக எடுத்துவிட்டது. 137இன் கடைசி வசனங்களையும் விட்டுவிட்டது.

வெளிப்படுத்தல் புத்தகம் இன்னொரு வழி காட்டுகிறது. அதன் 19ஆம் அதிகாரத்தில் ஏசாயாவின் அதே வீரர் வெள்ளைக் குதிரையில் வருகிறார், உடை இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது. ஆனால் போர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அப்படியானால் அது யாருடைய இரத்தம்? அவருடைய சொந்த இரத்தம் என்று வாசிக்கும் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. அதே புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தில் சிங்கம் என்று அறிவிக்கிறார்கள், திரும்பிப் பார்த்தால் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி நிற்கிறது. அடிபட்டவன் ஜெயித்தவன் என்கிற இந்தத் தலைகீழ் திருப்பூருக்குப் புரியாத விஷயமில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் நினைவகம் கட்டி வைத்திருக்கும் குமரன், 1932 ஜனவரியில் போலீஸ் தடியடியில் விழுந்து மறுநாள் செத்த இளைஞன். யாரையும் அடித்தவன் இல்லை.

இந்த வாசிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அதே வெளிப்படுத்தல் புத்தகத்தில் குதிரைக் கடிவாளம் வரை இரத்தம் ஓடும் இடமும் இருக்கிறது. எல்லாவற்றையும் வெளுத்துவிட முடியவில்லை. நொய்யலில் சுத்திகரிப்பு நிலையம் வைத்தவர்கள் கண்டதுதான் இது. தண்ணீரிலிருந்து நிறத்தை எடுப்பது ஓரளவு எளிது. கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு. பார்க்கத் தெளிவாக இருக்கும், மாடு வாய் வைக்காது. உருவகம் என்று சொல்லி நிறத்தை எடுத்துவிட்டால் பாட்டு தெளிவாகிவிடுகிறது. உள்ளே கரைந்திருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது.

எங்கள் சபையில் வசன ஸ்லைடு போடுவது நான்தான். சாஃப்ட்வேர்க்காரன் என்பதால் அந்த வேலை எனக்கு. 137 வரும் ஞாயிறுக்கு முன்னால், ஆறாம் வசனத்தோடு நிறுத்திவிடுங்கள் தம்பி என்று செய்தி வந்தது. காரணம் புரிகிறது, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வெட்டிவிட்டால் ஆச்சி மாதிரி ஒருத்திக்கு அந்தப் புத்தகத்தில் இடம் எங்கே? ரிஜிஸ்டரில் பெயர் இல்லை, போலீஸுக்குப் போகத் தைரியம் இல்லை, வக்கீலுக்குப் பணம் இல்லை. கத்தி எடுக்கவும் இல்லை. அந்த வீட்டில் கோபத்துக்கு இருந்த ஒரே மொழி அந்தச் சங்கீதம். அவள் அதைக் கடவுளிடம் கொடுத்தாள், அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று. அப்பாவின் தம்பி அந்தக் காண்ட்ராக்டரைத் தேடிப்பிடித்துக் கையை முறிக்கப்போவதாகக் கிளம்பியபோது உட்கார வைத்தவளும் அவள்தான்.

6

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பிளீச்சிங் பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை திறக்கக் கூடாது. நொய்யல் பாசன விவசாயிகள் பல வருஷம் நடத்திய வழக்கின் முடிவு அது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாகவே மாறியிருந்தது.

அப்பா தேறி, வேறொரு பட்டறையில் சூப்பர்வைசராக ஆகியிருந்தார். அந்த ஜனவரியிலிருந்து மாதக்கணக்கில் வேலை இல்லை. எங்கள் தெருவில் பல வீடுகள் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போயின.

என்னோடு இன்ஜினியரிங் படித்த நண்பனின் ஊர் அணைக்குப் பக்கம். அந்த வருஷம் அவன் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அவன் அப்பா தோட்டத்தைச் சுற்றிக்காட்டினார். மட்டை மஞ்சளாகித் தலை சாய்ந்த தென்னைகள். கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். எங்கள் அப்பா என்ன வேலை என்று அவருக்குத் தெரியும், நண்பன் சொல்லியிருந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "கேசு செயிச்சுட்டம் கண்ணு. கெணறு செயிக்கலீயே" என்றார். பிறகு சாப்பிடக் கூட்டிப்போனார்.

திரும்பி வந்து இதை ஆச்சியிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது எண்பது இருக்கும். சங்கீதம் வாசிக்கிற நேரம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவுகளும் எத்தன வருசமா சாமிகிட்ட அழுதிருப்பாக?"

"இருக்கும் ஆச்சி."

"அப்ப அவுக ஜெபத்துல வார துன்மார்க்கன் உங்கப்பனாலே?"

நான் முதலாளிகள், ஏற்றுமதி, வெளிநாட்டு பிராண்டுகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று பொறுப்பை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனேன். அதெல்லாம் உண்மையும்கூட. ஆச்சி கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிதான். ஆனா அந்தத் தண்ணி உங்கப்பன் தொறந்துவிட்ட கொழாயிலருந்துதானே போச்சு" என்றாள். காலில் வெந்த தழும்போடு அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகும் அவள் 58ஐத் தாண்டவில்லை. வரிசையில் அது வரும் நாளில் வாசித்தாள். அடுத்த நாள் 59. அவளுக்கு நான் வாசித்த எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. ஒரே பாட்டுக்குள் இரண்டு இடத்தில் நின்று வாசிக்க முடியும் என்று தெரிந்துகொண்டாள், கூப்பிடுகிறவர்களின் இடத்திலும், யாருக்கு எதிராகக் கூப்பிடுகிறார்களோ அவர்களின் இடத்திலும்.

இன்றைக்கு என் போனுக்கு வரும் ஃபார்வர்டுகளில் வெற்றிப் படிமங்களுக்குப் பஞ்சமில்லை. இடிந்த கட்டிடத்தின் மேல் வசனம், அர்ச்சுனன் வில்லின் கீழ் தலைவர் படம், ஏதோ ஒரு நாட்டின் குண்டுவீச்சுக்குக் கீழே அல்லேலூயா. அனுப்புகிறவர்கள் யாரும் கைதிகள் இல்லை, யாருடைய ரிஜிஸ்டரிலிருந்தும் விடுபட்டவர்கள் இல்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, செங்கடலைத் தாண்டாமலே செங்கடல் பாட்டைப் பாடுகிறார்கள். அந்தப் படிமங்களின் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பலம் உள்ளவன் வாயில் அந்தப் பாட்டு மெர்னெப்தாவின் கல் ஆகிவிடுகிறது.

137இன் கடைசி வசனத்தை எனக்கு இன்றும் விளக்கத் தெரியாது. விளக்கிச் சரிக்கட்ட வேண்டிய வசனம் என்றும் நினைக்கவில்லை. யாரோ ஒருவர் பார்த்ததைத் திருப்பிச் சொன்ன குரல் அது, கேட்கத்தான் வேண்டும். கேட்டுவிட்டு, சொன்னதைச் செய்யாமல் இருக்க வேண்டும். அந்த ஞாயிறுக்கு ஒன்பது வசனமும் ஸ்லைடில் போட்டேன். வாசித்தவர் எட்டாவதில் கொஞ்சம் தயங்கி, பிறகு மெதுவாக ஒன்பதையும் வாசித்தார். ஆமென் என்று யாரும் சொல்லவில்லை. மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த பாட்டுக்கான ஸ்லைடை உடனே மாற்றாமல் சற்று நேரம் அப்படியே விட்டேன்.